கூட்டம் வராத ஆட்டங்கள்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றதும் லட்சம் பேர் உட்காரும் ஃபுட்பால் மைதானம்தான் நினைவுக்கு வரும். அதே கல்லூரியில் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸும் நடக்கும், கூட்டமே இல்லாமல். ஆள் வராத ஆட்டம், தரமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். சரி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 16 வருடம் கழித்து அமெரிக்க ஆண்கள் அணிக்குப் பதக்கம், வெண்கலம். புரோடி மலோன், ஆஷர் ஹாங் இருவரும் ஸ்டான்ஃபர்ட். பால் ஜூடா, ஃப்ரெடரிக் ரிச்சர்ட் மிஷிகன். பாமல் ஹார்ஸ் என்ற ஒரே கருவிக்காகவே உட்கார்ந்து காத்திருந்தாரே ஒரு கண்ணாடிக்காரர், ஸ்டீஃபன் நெடோராசிக், அவர் பென் ஸ்டேட். ஐந்து பேருமே கல்லூரி அணிகளில் ஆடியவர்கள். இத்தனைக்கும் நாடு முழுக்கத் தேடினாலும் இந்த ஆட்டத்துக்குச் சுமார் 15 கல்லூரி அணிகள்தான் தேறும்.

எப்படி என்கிறீர்களா? கூடைப்பந்தில் 19 வயதில் கெட்டிக்காரப் பையன் என்பிஏவுக்குப் போய்விடுவான். ஜிம்னாஸ்டிக்ஸில் அப்படிப் போக லீக் கிடையாது. வளையத்தில் கையை விரித்து நிற்கும் வலு ஆண்களுக்கு இருபதுகளில்தான் முற்றும். ஆகவே நாட்டின் முதல் வரிசை வீரர்களில் பலர் கல்லூரியிலேயே இருப்பார்கள். இன்னொன்றும் உண்டு. பெண்கள் கல்லூரிப் போட்டியில் இன்னமும் பத்துக்குத்தான் மதிப்பெண்; ஆண்களுக்கோ சிறு மாற்றங்களோடு சர்வதேச விதிகளே. ஒலிம்பிக் அளவுகோலை வைத்தே அவர்களை அளந்து பார்க்கலாம்.

பணம் மட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. பல்லாண்டுகளாக, பெரிய ஃபுட்பால் அணிக்கு 85 முழு உதவித்தொகை வரை, ஜிம்னாஸ்டிக்ஸுக்கு 6.3 வரைதான். ஒரு தோசையைப் பத்துப் பேருக்குப் பிய்த்துக் கொடுப்பதுபோலப் பயிற்சியாளர் அதைப் பங்கு போடுவார். 2025-இல்தான் அந்த வரம்பு போனது.

எல்லாச் சின்ன ஆட்டமும் ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி என்று சொல்லமாட்டேன். வாட்டர் போலோவில் 1969 முதல் தேசியப் பட்டம் கலிஃபோர்னியாவைத் தாண்டியதே இல்லை. ஜெயிப்பவர்கள் உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரர்கள்தான். ஆனால் அதைத் தேசியப் போட்டி என்று அழைப்பது கொஞ்சம் அதிகம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் அணிகள் இவ்வளவு குறைவாக இருப்பதால் ஒன்று மூடினாலே பெரிய இழப்பு. 1984-இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் மூன்று பேர் யூசிஎல்ஏ ஆட்கள். பத்தே வருடத்தில் அந்தப் பல்கலைக்கழகம் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸைக் கைகழுவியது. மற்ற ஆட்டங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு: 2020-இல் ஸ்டான்ஃபர்ட் 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மல்யுத்தம் அதில் ஒன்று. மறு மார்ச்சில் அந்த அணியின் ஷேன் கிரிஃபித், கல்லூரிப் பெயரில்லாத கறுப்பு உடையில் இறங்கித் தேசியப் பட்டத்தை வென்றார். மே மாதம் பல்கலைக்கழகம் முடிவை மாற்றிக்கொண்டது.