ஏழாவது பட்டன்: வீட்டிலேயே ஒரு பேசும் பெட்டி

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பாட்டு கேட்டாயிற்று. படம் பார்த்தாயிற்று. கடிதம் டைப் செய்து பிரிண்ட்டும் எடுத்தாயிற்று. அடுத்து இதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறீர்களா? இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கலாம்! பயப்பட வேண்டாம். நான் சொல்வது உள்ளங்கையில் அடங்கும் மிகச் சிறிய கம்ப்யூட்டர். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் அல்ல. கணக்கு எழுதிப் பிழைப்பவன். என்னால் முடிந்தது என்றால் உங்களாலும் முடியும்.

இதை நான் பொழுதுபோக்குக்காகச் செய்யவில்லை. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். பதில்தான் வராது. ஏதாவது தேவை என்றால் இடது கையால் கட்டிலைத் தட்டுவார். நாங்கள் ஓடிப்போய் "தண்ணியாப்பா? பாத்ரூமா? வலிக்குதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். சரியானதைக் கேட்பதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிடும். அம்மாவுக்கு அழுகை வந்துவிடும். பட்டனை அமுக்கினால் பேசும் ஒரு பெட்டி இருந்தால் நன்றாக இருக்குமே என்று அப்போதுதான் தோன்றியது.

எம்பெடட் சிஸ்டம் என்றால் என்ன?

உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன? ஒன்று என்பீர்கள். வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் அடுப்பு, டிவி ரிமோட் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறிய கம்ப்யூட்டர் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பெயர் மைக்ரோகன்ட்ரோலர். பிராசசர், மெமரி, வெளியே இணைப்பதற்கான பின்கள் எல்லாம் ஒரே சிப்பில் இருக்கும். இப்படி ஒரே ஒரு வேலைக்காக ஒரு பொருளுக்குள் பொதிக்கப்பட்ட கம்ப்யூட்டரைத்தான் எம்பெடட் சிஸ்டம் என்கிறார்கள். அதில் ஓடும் சாப்ட்வேருக்கு ஃபர்ம்வேர் என்று பெயர்.

பேசும் பெட்டி என்பது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1978ஆம் ஆண்டிலேயே 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்ற பொம்மையை வெளியிட்டது. அது ஒரு ஆங்கில வார்த்தையைச் சொல்லும். குழந்தை அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். சரியா தவறா என்று பொம்மையே சொல்லும். அன்றைக்கு ஒலியைச் சேமிக்க மெமரி மிகவும் விலை அதிகம். எனவே பதிவு செய்த குரலை அப்படியே வைக்காமல், அதைச் சுருக்கி எண்களாக வைத்து, அந்த எண்களிலிருந்து மறுபடியும் குரலை உருவாக்கும் தனி சிப்பையே அவர்கள் வடிவமைத்தார்கள். இன்று நமக்கு அந்தச் சிரமம் இல்லை. மெமரி கார்டில் எம்.பி.3 பைலைப் போட்டால் போதும்.

என்னென்ன தேவை?

1. ஆர்டுயினோ யூனோ போர்டு. ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் எளிதாகப் பயன்படுத்துவதற்காக உருவானது. யூனோ மாடல் 2010இல் வந்தது. இதில் உள்ள சிப் ஏடிமெகா 328பி. புரோகிராமுக்கு 32 கிலோபைட் இடம். ராம் வெறும் 2 கிலோபைட். வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். உங்கள் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ராம் இருந்தால் அது இதைப் போல சுமார் 40 லட்சம் மடங்கு! ஆனாலும் நம் வேலைக்கு இது தாராளம்.

2. டிஎஃப்பிளேயர் மினி. இது எம்.பி.3 பைல்களைப் பாடும் சின்ன போர்டு. மைக்ரோ எஸ்.டி. கார்டு செருகலாம். ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபயரும் இதிலேயே உண்டு.

3. ஒரு சிறிய ஸ்பீக்கர், வயர்கள், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று.

4. ஆறு பெரிய பட்டன்கள். வீடியோ கேம் மெஷின்களில் இருக்குமே, அந்த வகை. நடுங்கும் கைக்குச் சிறிய பட்டன் உதவாது.

5. எல்லாவற்றையும் பொருத்த, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஸ்விட்ச் பெட்டி.

இணைப்பது மிகவும் எளிது. ஒவ்வொரு பட்டனின் ஒரு முனையை ஆர்டுயினோவின் 2 முதல் 7 வரையுள்ள பின்களில் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். மறுமுனைகள் எல்லாவற்றையும் கிரவுண்டில் சேருங்கள். புரோகிராமில் அந்தப் பின்களை 'இன்புட் புல்அப்' என்று அறிவித்துவிட்டால், சிப்புக்கு உள்ளேயே இருக்கும் ரெசிஸ்டர் அவற்றை 5 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும். பட்டனை அமுக்கினால் 0 வோல்ட் ஆகும். எனவே 'ஹை' என்றால் அமுக்கவில்லை, 'லோ' என்றால் அமுக்கியாயிற்று. பிளேயர் போர்டின் சிக்னல் வயரில் மட்டும் அந்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கலாம்.

புரோகிராம் எழுதும் ஆர்டுயினோ சாப்ட்வேரை இலவசமாக டவுண்லோட் செய்யலாம். புரோகிராமில் இரண்டு பகுதிகள். 'செட்டப்' ஒரே ஒரு முறை ஓடும். 'லூப்' கரண்ட் இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். நம் லூப் செய்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு பட்டனாகப் பார், எது அமுக்கப்பட்டிருக்கிறதோ அதற்குரிய பைலைப் பாடு. எழுதி முடித்ததும் யு.எஸ்.பி. கேபிள் வழியாக போர்டுக்கு அனுப்பிவிடலாம். பிறகு கேபிளை எடுத்துவிட்டாலும் புரோகிராம் சிப்பிலேயே இருக்கும்.

குரல் பதிவை செல்போனிலேயே செய்தேன். என் அண்ணனின் குரல் அப்பாவின் குரல் மாதிரியே இருக்கும். அவரைப் பேசச் சொன்னேன். முதலில் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று பதிவு செய்தோம். அம்மா சிரித்துவிட்டார். "இந்த வீட்டுல யாருடா அப்படிப் பேசுறா?" சரிதானே! "கொஞ்சம் தண்ணி குடு" என்று மாற்றினோம்.

ஒரு தடவை அமுக்கினால் நான்கு தடவை பேசியது

இனிதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. முதல் நாள் அப்பா பட்டனைத் தொட்டதும் பெட்டி "கொஞ்ச... கொஞ்ச... கொஞ்ச... கொஞ்சம் தண்ணி" என்று திக்கியது. காரணம் என்ன தெரியுமா? பட்டனுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் தொடும்போது, ஒரே அடியாக ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் விழுந்த பந்து போலச் சில மில்லி செகண்டுகள் துள்ளும். நமக்கு அது தெரியாது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை பார்க்கும் சிப்புக்கு ஒவ்வொரு துள்ளலும் ஒரு புதிய அழுத்தல்!

இதற்கு வழி எளிது. பட்டன் அமுக்கப்பட்டதாகத் தெரிந்தால் 30 மில்லி செகண்ட் காத்திருந்து மறுபடியும் பாருங்கள். அப்போதும் அமுங்கியிருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அப்பாவின் கை நடுக்கத்துக்கு இது போதவில்லை. எனவே ஒரு தடவை பேசிய பிறகு 2 விநாடிகள் எந்தப் பட்டனையும் கவனிக்க வேண்டாம் என்று சேர்த்தேன். புத்தகத்தில் இருக்கும் எண் தகடுகளுக்குச் சரி. மனிதர்களுக்கு, பயன்படுத்துபவரின் அருகில் உட்கார்ந்து பார்த்துத்தான் எண்ணைத் தீர்மானிக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நேரத்தைக் கணக்கிட ஆர்டுயினோவில் 'மில்லிஸ்' என்ற கட்டளை உண்டு. போர்டு ஆன் ஆனதிலிருந்து எத்தனை மில்லி செகண்ட் ஆயிற்று என்று சொல்லும். சுமார் 49.7 நாட்கள் ஆனதும் அந்த எண் நிரம்பி மறுபடியும் 0 ஆகிவிடும். விண்டோஸ் 95, 98 கம்ப்யூட்டர்கள் தொடர்ந்து 49.7 நாட்கள் ஓடினால் நின்றுபோகலாம் என்ற புகழ்பெற்ற குறையும் இதே கணக்கில் வந்ததுதான். 'இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்தால் எவ்வளவு' என்று எழுதினால் பிரச்சினை வராது. 'இந்த நேரத்தைத் தாண்டிவிட்டதா' என்று எழுதினால்தான் தவறு வரும்.

தண்ணீர் பட்டன் "வலிக்குது" என்றது

அடுத்த வாரம் சில குரல்களைத் தெளிவாகப் பதிவு செய்து, கார்டில் இருந்ததை அழித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடியும் காப்பி செய்தேன். அன்று மாலை பெட்டி "வலிக்குது" என்றது. பதறிப்போய் மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடினோம். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே தண்ணீர்ப் படம் ஒட்டிய பட்டனைக் காட்டினார். நல்லவேளை, மாத்திரை கொடுக்கவில்லை.

கம்ப்யூட்டரில் பார்த்தால் பைல்களின் பெயர்கள் சரியாகவே இருந்தன. பிறகுதான் புரிந்தது. நான் பயன்படுத்திய கட்டளை 'மூன்றாவது பைலைப் பாடு' என்பது. டிஎஃப்பிளேயர் அதைப் பெயரைப் பார்த்து எடுக்காது. கார்டில் எந்த வரிசையில் காப்பி ஆனதோ அந்த வரிசையில் எண்ணும். இதற்கு என்ன செய்ய வேண்டும்? கார்டில் 01 என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். பைல்களுக்கு 001, 002 என்று பெயர் கொடுங்கள். புரோகிராமில் 'போல்டர் எண், பைல் எண்' கேட்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அப்போது பெயரை வைத்தே எடுக்கும். கார்டை மாற்றும்போதெல்லாம் எல்லாப் பட்டன்களையும் ஒரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பேசாமல் போன இரவு

மூன்றாவது தவறுதான் என்னால் மறக்க முடியாதது. கரண்ட் போனாலும் வேலை செய்யட்டும் என்று பெட்டியை ஒரு பவர் பேங்கில் இணைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் அம்மா சொன்னார்: "ராத்திரி அவர் அமுக்கி அமுக்கிப் பார்த்திருக்கார்டா. பெட்டி பேசல." அப்பா நனைந்த படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பெட்டி இருக்கிறது என்ற நம்பிக்கையில் நாங்களும் அயர்ந்து தூங்கிவிட்டோம்.

பவர் பேங்கில் சார்ஜ் நிறையவே இருந்தது. பிறகு ஏன் நின்றது? செல்போன் சார்ஜ் ஆகி முடிந்தால் தானாக ஆஃப் ஆகும்படி பல பவர் பேங்குகளை வடிவமைத்திருக்கிறார்கள். நம் பெட்டி சும்மா இருக்கும்போது மிகக் குறைந்த கரண்ட்தான் எடுக்கும். போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்து அது ஆஃப் ஆகிவிட்டது. அப்பா தூங்கிய நேரத்தில் பெட்டியும் தூங்கிவிட்டது.

அன்றே மூன்று மாற்றங்கள் செய்தேன். முதலாவது, பவர் பேங்கை எடுத்துவிட்டு 5 வோல்ட் சார்ஜரை இன்வெர்ட்டர் லைனில் இணைத்தேன். இரண்டாவது, புரோகிராமின் லூப்புக்குள்ளேயே ஒரு பச்சை விளக்கை விநாடிக்கு ஒரு முறை மினுக்கச் செய்தேன். வெறுமனே எரியும் விளக்கு கரண்ட் இருப்பதை மட்டும் காட்டும். மினுக்கும் விளக்கு புரோகிராம் ஓடுவதையும் காட்டும். மூன்றாவது, 'வாட்ச்டாக்' என்ற வசதி. இது சிப்புக்குள் இருக்கும் காவல்காரன். குறிப்பிட்ட நேரத்துக்குள் புரோகிராம் தன் இருப்பைத் தெரிவிக்காவிட்டால் சிப்பைத் தானே ரீசெட் செய்துவிடும். அத்துடன் வயர்களைச் செருகி வைக்கும் பிரெட்போர்டை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஜீரோ பி.சி.பி.யில் சால்டர் செய்தேன். கட்டில் ஆடினால் கழன்றுபோகும் வயரை நம்பிப் படுக்கக் கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது மருத்துவக் கருவி அல்ல. அவசரத்துக்கு இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. கட்டிலுக்கு அருகில் ஒரு சாதாரணக் கை மணியும் வைத்தேன். அதற்குக் கரண்டே தேவையில்லை!

ஏழாவது பட்டன்

பெட்டி ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்த பிறகும் அப்பா சில சமயம் அதைத் தள்ளிவிடுவார். ஏன் என்று புரியவில்லை. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் என்ன வேண்டும் என்று படங்கள் வரைந்து காட்டினேன். ரேடியோ? பேன்? பேப்பர்? எதற்கும் தலையசைக்கவில்லை. அலுத்துப்போய்த் தாளில் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டேன். அதன் மேல் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை.

நாங்கள் வைத்த ஆறு பட்டன்களும் ஒன்றைக் கேட்பதற்கானவை. மறுப்பதற்கு ஒன்றுகூட இல்லை. அவருக்கு என்ன தேவை என்பதை நாங்களே முடிவு செய்துவிட்டோம். 8ஆம் பின்னில் ஏழாவது பட்டனை இணைத்தேன். அண்ணன் ஒரே வார்த்தையைப் பதிவு செய்தார்: "வேண்டாம்."

மறுநாள் காலை அம்மா வழக்கம்போலக் கஞ்சி கொண்டு வந்தார். அப்பா நிதானமாகக் கையை நீட்டி ஏழாவது பட்டனை அமுக்கினார். "வேண்டாம்" என்றது பெட்டி. அம்மா இட்லி வைக்கப் போனார்.

நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டன், ஒரு விளக்கு என்று தொடங்குங்கள். விளக்கு எரிந்ததும் அடுத்ததற்குப் போகலாம். ஆனால் வயரைத் தொடுவதற்கு முன்னால், அதைப் பயன்படுத்தப்போகிறவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். நான் அதைக் கடைசியில்தான் செய்தேன்.