லயத்து வாசல் – 14: தாடிக்கு நாலாவது காரணம்

தோட்டத்தில் ஒரு ஆம்பிளை இரண்டு வாரம் முகம் வழிக்காமல் திரிந்தால், "என்னண்ணே, நேத்திக்கடனா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை என்று தலையாட்டினால் வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கிறாளா என்று ஒரு பார்வை. அதுவும் இல்லையா, குரலைத் தாழ்த்தி, "யாரு தவறிட்டாங்க?" நமுனுகுல பக்கத்து எங்கள் லயத்தில் தாடிக்கு இந்த மூன்று காரணமும் செல்லும். நாலாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது பீலித் தண்ணீரின் குளிர்.

மார்கழி விடியலில் அந்தத் தண்ணீரை முகத்தில் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தாடை மரத்துவிடும், பிளேட் எங்கே போகிறதென்றே உறைக்காது. வெந்நீர் வைக்கலாம்தான். ஆனால் இருக்கிற ஒரே அடுப்பில் தேத்தண்ணி இறங்கி ரொட்டி ஏறியிருக்கும். காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். தாடையைப் பார்ப்பதா, பேரைப் பார்ப்பதா? தாத்தா ஞாயிறு மட்டும் வழிப்பார். கவ்வாத்துக் கத்தி தீட்டிப் பழகிய கை. மழுங்கின பிளேட்டைக் கண்ணாடித் தம்ளருக்குள் போட்டு விரலால் அழுத்தி அப்படியும் இப்படியும் தேய்ப்பார். அந்தக் கிறீச் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பல் கூசும். ஒரு பிளேட் மாசக்கணக்கில் ஓடும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சலூன்கள் மூடிய நாட்களில் லயம் முழுக்கத் தாடி. ஒருவரும் ஒருவரையும் நேத்தியா என்று கேட்கவில்லை. 2021 இல் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனது. மறுவருஷ விலைவாசி அதை விழுங்கியது. பதுளை டவுனுக்குப் பஸ் காசு, சலூன் காசு என்று கூட்டிப் பார்த்த பலர் அந்த வருஷம் திடீரென்று பக்திமான்கள் ஆனார்கள்!

பக்தியைக் கேலி செய்யவில்லை. கதிர்காமம் எங்கள் ஊவா மாகாணத்துக்குள்தான் இருக்கிறது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, உகந்தை, குமண, யால காடு வழியாக வாரக்கணக்கில் நடந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காட்டுக்குள் குடிக்கிற தண்ணீரே அளந்துதான். அதில் யார் சவரம் செய்வது? விரதம் 'வழிக்காதே' என்கிறது. பாதையும் அதையேதான் சொல்கிறது. எது முதலில் சொன்னது என்று கேட்டால், பாதைதான் என்பேன்.

நீள முடியும் அப்படித்தான். மாசியில் காமன் கூத்துக்கு ரதி வேஷம் கட்டும் அண்ணன் ஒருவர் வருஷம் முழுக்கக் கொண்டை போட்டிருப்பார். டோப்பா வாடகை மிச்சம். ஆட்டத்தில் கழன்று விழுந்து மானம் போகிற பயமும் இல்லை.

மாமா போன ஆடியில் புத்தல வழியாகக் கதிர்காமம் போய், மாணிக்க கங்கைக் கரையில் தாடியையும் தலைமுடியையும் இறக்கிவிட்டு வந்தார். ராத்திரி பேத்தி ஆளை அடையாளம் தெரியாமல் அலறினாள். காலையில் பெரட்டுக்களத்தில் பார்த்தேன்: மொட்டையும் தாடையும் சேர்த்து மப்ளர் சுற்றி, மூக்கை மட்டும் வெளியே விட்டு நின்றிருந்தார்.

(தொடரும்)