ஒரு கடை, ஒரு பண்டம்: பாஸ்க் நாட்டில் எங்கே, என்ன சாப்பிடலாம்?

மேலே கறுத்து, உள்ளே இளகியிருக்கும் ‘பாஸ்க் சீஸ்கேக்’ இன்று சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டின் கீழுள்ள பேக்கரி வரை வந்துவிட்டது. ஆனால் அந்த ‘பாஸ்க்’ எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம்.

ஸ்பெயினின் வடக்கு ஓரத்திலும் பிரான்சின் தென்மேற்கு மூலையிலும் பிஸ்கே வளைகுடாவை ஒட்டிப் பரந்திருக்கும் ஏழு மாநிலங்களைச் சேர்த்துத்தான் பாஸ்க் நாடு என்கிறார்கள். நான்கு ஸ்பெயினில், மூன்று பிரான்சில். அங்கு பேசப்படும் எவுஸ்கரா மொழிக்கு இன்று உயிரோடிருக்கும் உறவுமொழி எதுவும் இல்லை. சிறிய நாடு, தனித்த மொழி, ஆனால் சாப்பாட்டில் உலகப் புகழ்.

சென்ற மே மாதம் கணவர், அம்மா, தங்கை ஆகியோருடன் அங்கே பத்து நாள் சுற்றினேன். அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டார். தங்கை முட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சைவம். கணவர் எதையும் சாப்பிடுவார், ஆனால் விலைப்பட்டியலை முதலில் பார்ப்பார். நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரே மேசைக்கு இப்படி நான்கு விதிகள் இருக்கும். “அங்கே மாடும் பன்றியும்தான், உங்கள் வீட்டில் பாதிப் பேர் பட்டினி” என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். அப்படி நடக்கவில்லை. எந்த ஊரில், எந்தக் கடையில், எந்த நாளில், எதைச் சாப்பிடுவது என்று தெரிந்து போனால் யாரும் பட்டினி கிடக்க வேண்டாம், கையிருப்பும் கரையாது.

சான் செபஸ்தியான்: நின்று, தின்று, நகருங்கள்

எவுஸ்கராவில் டோனோஸ்தியா என்று அழைக்கப்படும் இந்தக் கடற்கரை நகரின் பழைய பகுதியில் சந்துக்குச் சந்து பின்ச்சோ கடைகள். குத்துவது என்ற பொருளுள்ள ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ரொட்டித்துண்டின் மேல் மீனோ காளானோ வைத்துக் குச்சி செருகிக் கொடுப்பதில் தொடங்கிய பழக்கம். மதுவும் விற்கிறார்கள் என்பதால் குடும்பத்தோடு நுழையத் தயங்க வேண்டாம். மாலை ஏழு மணிக்குப் பாட்டி, பேரன், கைக்குழந்தை எல்லாரும் அங்கேதான். மது வேண்டாதவர்கள் ‘மோஸ்தோ’ கேளுங்கள். அது புளிக்காத திராட்சைச் சாறு. அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

ஒரே கடையில் வயிற்றை நிரப்பக்கூடாது என்பதுதான் இங்கே முதல் பாடம். ஒவ்வொரு கடைக்கும் பேர் வாங்கிக் கொடுத்த பண்டம் ஒன்று இருக்கும். அதை மட்டும் சாப்பிட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடக்க வேண்டும். கோழிச் சோற்றுக்கு ஒரு கடை, பரோட்டாவுக்கு இன்னொரு கடை என்று உணவங்காடி நிலையத்தில் வரிசை பிடிக்கும் நமக்கு இது புதிதல்ல. முகப்பில் அடுக்கியிருக்கும் ஆறிய தட்டுகளைப் பார்த்து மயங்காமல், சுவரில் உள்ள பலகையில் எழுதியிருக்கும் சூடான பண்டங்களைக் கேளுங்கள். ஒன்று பெரும்பாலும் 3 முதல் 5 யூரோ வரை.

எங்கள் பட்டியல் இது. கன்பாரா கடையில் வதக்கிய காட்டுக் காளான்கள், நடுவே பச்சை முட்டை மஞ்சள் கரு. விலை சற்று அதிகம், ஆனால் தங்கை அதற்காகவே இரண்டாம் நாளும் போனாள். கோயிஸ் அர்கியில் இறால் குச்சி. செப்பெச்சாவில் நெத்திலி இனத்து ஆன்சோவி மீன், விதவிதமான மேற்பூச்சுகளுடன். காசா வாயேஸ் கடையில் ‘கில்டா’: ஒரு ஆலிவ் காய், ஊறவைத்த பச்சை மிளகாய், ஒரு ஆன்சோவி, மூன்றும் ஒரே குச்சியில். ரீட்டா ஹேவொர்த் நடித்து 1946ல் வெளிவந்த ‘கில்டா’ படத்தின் பெயரைத்தான் வைத்தார்கள். நாயகியைப் போலவே பசுமை, உப்பு, கொஞ்சம் காரம் என்று உள்ளூர்க்காரர்கள் கேலியாக விளக்குகிறார்கள்.

நெஸ்தோர் என்ற சிறிய கடையில் உருளைக்கிழங்கு முட்டை அடையான ‘டோர்த்தியா’ மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை மட்டுமே செய்கிறார்கள். ஒரே அடைதான், துண்டு போட்டால் தீர்ந்தது. பரிமாறும் நேரத்துக்கு முன்னதாகவே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வர வேண்டும். கிடைக்காவிட்டால் ஆலிவ் எண்ணெயும் கல்லுப்பும் தூவிய தக்காளித் தட்டைக் கேளுங்கள். வெறும் தக்காளிக்கு இவ்வளவு ருசியா என்று தோன்றும்.

கடைசியாக, ‘31 ஆகஸ்டு’ தெருவில் உள்ள லா வீஞ்யா. நாம் ‘பாஸ்க் சீஸ்கேக்’ என்று சாப்பிடுவது இந்தக் கடையில் பிறந்ததுதான். பாலாடைக்கட்டி, பாலேடு, முட்டை, சர்க்கரை, ஒரு பிடி மாவு, அவ்வளவே. தெருவின் பெயருக்கும் கதை உண்டு. 1813 ஆகஸ்டு 31ல் பிரெஞ்சுப் படையிடமிருந்து நகரைப் பிடித்த பிரிட்டிஷ், போர்த்துகீசியப் படையினர் சூறையாடியதில் நகரம் எரிந்தது. தப்பிய சொற்ப வீடுகள் இந்தத் தெருவில்தான் இருந்தன.

கெட்டாரியா: ஒரு மீனுக்காக ஒரு பயணம்

சான் செபஸ்தியானிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய மீனவ ஊர். துறைமுகத்துக்கு இறங்கும் தெருக்களில் உணவகங்கள் வாசலிலேயே கரியடுப்பு வைத்து மீன் சுடுகின்றன. டர்பட் என்ற தட்டையான பெரிய மீனை மீன் வடிவக் கம்பிக் கூண்டில் வைத்து முழுதாகச் சுட்டு, எண்ணெயும் வினிகரும் கலந்து தெளிக்கிறார்கள். தோலின் பசையும் எண்ணெயும் சேர்ந்து அதுவே குழம்பாகிவிடுகிறது. நம்மைப் போலத் தலையையும் துடுப்பையும் கையால் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். அம்மா அங்கேதான் முதன்முறையாக முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

இந்த முறைக்குப் பேர்போன எல்கானோ உணவகத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும், செலவும் அதிகம். அக்கம்பக்கத்து அடுப்புகளிலும் நல்ல மீன் கிடைக்கும். விலை எடைக்கணக்கு என்பதால் சுடுவதற்கு முன் எத்தனை கிராம், எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

உணவகத்தின் பெயர் நம் வட்டாரத்தோடும் தொடர்புடையது. மகெல்லன் தொடங்கிய உலகப் பயணத்தை 1522ல் முடித்துவைத்த செபஸ்தியான் எல்கானோ இவ்வூர்க்காரர். மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பை ஏற்றிக்கொண்டு அவருடைய கப்பல் ஊர் திரும்பியது. அந்தப் பயணத்தில் மொழிபெயர்ப்பாளராகப் போனவர் மகெல்லன் மலாக்காவில் பெற்ற அடிமை என்ரிக்கே. எல்கானோவுக்கு ஊரில் சிலை இருக்கிறது.

பில்பாவ்: கருவாடும் ஆட்டிறைச்சியும்

1997ல் திறந்த குகன்ஹைம் அரும்பொருளகம்தான் பில்பாவின் முகவரி. வயிற்றுக்கு முகவரி பழைய நகரின் பிளாசா நுயேவா சதுக்கம். நான்கு பக்கமும் தூண் வரிசை, அதன் கீழே பின்ச்சோ கடைகள். சற்று நடந்தால் ஆற்றங்கரையில் 1929ல் கட்டிய லா ரிபேரா சந்தை.

இங்கே கேட்க வேண்டியது ‘பக்கலாவ் பில்பில்’. உப்புக் கருவாடாக வரும் கோட் மீனை ஊறவைத்து, பூண்டும் மிளகாயும் போட்ட ஆலிவ் எண்ணெயில் மெல்லிய சூட்டில் வைத்துச் சட்டியை ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மாவோ பாலோ இல்லாமல் மீனின் பசையிலேயே எண்ணெய் வெண்ணெய்போலக் கெட்டிப்படும். இதற்கு ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒரு வணிகர் “100 அல்லது 120 மீன் அனுப்புங்கள்” என்று எழுதினாராம். ஸ்பானிய மொழியில் ‘அல்லது’ என்பது ‘ஓ’ என்ற ஒற்றை எழுத்து. வாங்கியவர் அதைச் சுழியமாகப் படித்துப் பத்து லட்சத்துக்கும் மேல் அனுப்பிவிட்டாராம். வணிகர் தலையில் கை வைத்த நேரத்தில் போர் முற்றுகை வர, ஊரைக் காப்பாற்றியது அந்தக் கருவாடுதானாம். உண்மையோ இல்லையோ, சுவையான கதை.

மாடும் பன்றியும் வேண்டாத இறைச்சிப் பிரியர்களுக்கு 1903ல் தொடங்கிய கஃபே இருன்யாவில் மசாலா தடவிச் சுட்ட ஆட்டிறைச்சிக் குச்சி இருக்கிறது. நம்மூர் சாத்தேக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று கணவர் தீர்ப்பளித்தார்.

சந்தை நாளைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பதுதான் பயண நிறுவனங்கள் அதிகம் சொல்லாத சங்கதி.

*திங்கள், கெர்னிக்கா.* பில்பாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1937 ஏப்ரல் 26 ஒரு திங்கட்கிழமை. சந்தை நாள். அன்றுதான் ஹிட்லரின் விமானப்படைப் பிரிவும் இத்தாலிய விமானங்களும் இவ்வூரைக் குண்டுவீசி அழித்தன. பிக்காசோவின் ஓவியம் அதைப் பற்றியதே. இன்றும் திங்கட்கிழமை சந்தை கூடுகிறது. கோடை முதல் இலையுதிர்காலம் வரை கிடைக்கும் கெர்னிக்கா பச்சை மிளகாயை எண்ணெயில் பொரித்து உப்புத் தூவித் தருகிறார்கள். காரமில்லை, முழுச் சைவம்.

*புதன், ஓர்டிசியா.* 1512லிருந்து வரலாறு உள்ள சந்தை. லாச்சா என்ற உள்ளூர்ச் செம்மறியின் பாலில் செய்யும் இடியசாபல் சீஸை இடையர் குடும்பங்களிடமே வாங்கலாம். புகை போட்டது, போடாதது என்று இரண்டு வகை. பாலை உறையவைக்கப் பொதுவாக ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியைப் பயன்படுத்துகிறார்கள். கண்டிப்பான சைவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

*சனி, தொலோசா.* கறுப்பு அவரை விதைக்குப் பேர்போன ஊர். மணிக்கணக்கில் வேகவைத்த அவரையுடன் முட்டைக்கோஸ், ஊறுமிளகாய், பன்றி இரத்தத் தொத்திறைச்சி பரிமாறுவது வழக்கம். இறைச்சி சேர்த்து வேகவைத்ததா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஓர்டிசியா, தொலோசா இரண்டுக்கும் சான் செபஸ்தியானிலிருந்து ஒரே ரயில் தடம். ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை போகிறவர்கள் அஸ்திகர்ராகா, எர்னானி பகுதி ஆப்பிள் மது இல்லங்களுக்கும் போகலாம். அங்கே பெரிய மாட்டிறைச்சித் துண்டுதான் மையம். அதை விட்டாலும் கோட் மீன் முட்டை அடை, மிளகாயோடு பொரித்த கோட், சீஸ், வால்நட் இருக்கின்றன.

எல்லைக்கு அப்பால்: மிளகாயும் சாக்லேட்டும்

சான் செபஸ்தியானிலிருந்து ‘டோப்போ’ ரயில் முக்கால் மணிக்குள் பிரான்சின் எந்தாய் நகரில் இறக்கிவிடும். கடப்பிதழைக் கையில் வைத்திருங்கள். அங்கிருந்து ரயில் மாறினால் பயோன். 17ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து தப்பி வந்த யூதர்கள் சாக்லேட் தொழிலை இங்கே கொண்டுவந்தார்கள். 1854ல் தொடங்கிய கசனாவ் கடையில் நுரை பொங்கும் சூடான சாக்லேட்டும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் நால்வருக்கும் பொருந்திய உணவு.

உள்ளே தள்ளியிருக்கும் எஸ்பெலெட் ஊரில் இலையுதிர்காலத்தில் வீட்டுச் சுவர்கள் முழுக்கச் சிவப்பு மிளகாய்ச் சரம் தொங்கும். நம் கணக்கில் இது மிளகாயே இல்லை, அவ்வளவு மிதம். மணத்துக்காக ஒரு புட்டி வாங்கலாம். ‘கத்தோ பாஸ்க்’ கேக்கையும் தவறவிடாதீர்கள். உள்ளே பாலேடு அல்லது கருஞ்செர்ரிப் பழப்பாகு இருக்கும்.

நட்சத்திர உணவகம் அவசியமா?

1976ல் பிரெஞ்சுச் சமையல்காரர் போல் பொக்கூஸின் பேச்சைக் கேட்டு உந்தப்பட்ட ஹுவான் மாரி அர்சாக், பெத்ரோ சுபிஹானா போன்றவர்கள் ‘புதிய பாஸ்க் சமையல்’ இயக்கத்தைத் தொடங்கினார்கள். அர்சாக் உணவகம் 1989 முதல் மூன்று மிஷலின் நட்சத்திரங்களோடு இருக்கிறது. ஆக்ஸ்பே கிராமத்தின் எச்சேபர்ரியில் எல்லாமே விறகடுப்பில்தான். சமையலில் தீவிர ஆர்வமுள்ள தம்பதி சேமித்து ஒருமுறை போகலாம். வெவ்வேறு சாப்பாட்டு விதிகளுள்ள குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். பத்துப் பன்னிரண்டு பண்டங்களில் பாதியைத் தவிர்ப்பவருக்கும் செலவு குறையாது. நாங்கள் போகவில்லை, குறையாகவும் தெரியவில்லை. வார நாள் மதியங்களில் சாதாரண உணவகங்கள் தரும் ‘மெனு தெல் தியா’ மூன்று படி சாப்பாடு எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

கையோடு கொண்டுபோக

* மதிய உணவு ஒன்றரை முதல் மூன்றரை வரை, இரவு உணவு எட்டரைக்கு மேல். இடையில் பல அடுப்படிகள் மூடியிருக்கும்.
* ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் மட்டும் போதாது. பன்றித்தொடைத் துண்டும் சூரை மீனும் இறைச்சிக் கணக்கில் வராமல் போகலாம். “சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ” என்று மூன்றையும் சொல்லுங்கள். இறைச்சி, பன்றித்தொடை, மீன் இல்லாமல் என்று பொருள்.
* ஹலால் பார்ப்பவர்கள் மீனையே நம்பலாம். ஆனால் குழம்பில் மது சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.
* ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகளுக்கு விடுமுறை.
* வணக்கத்துக்கு ‘காய்ஷோ’, நன்றிக்கு ‘எஸ்கெர்ரிக் அஸ்கோ’.

கடைசிச் சொல்லை அவசியம் பழகிக்கொள்ளுங்கள். பிராங்கோ ஆட்சியில் ஒடுக்கப்பட்ட மொழி எவுஸ்கரா. 1982ல்தான் அதற்கென எவுஸ்காடி இர்ரட்டியா வானொலி வந்தது. ஓர்டிசியாவில் ஒரு ரொட்டிக் கடையில் எவுஸ்கரா வானொலி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் அதைக் கேட்டுச் சிரித்தபடியே அதே மொழியில் ரொட்டி கேட்டார்கள். “எஸ்கெர்ரிக் அஸ்கோ” என்று அம்மா தட்டுத்தடுமாறிச் சொன்னதும் கடைக்காரப் பெண்ணின் முகம் மலர்ந்தது. சிறுபான்மை மொழியில் ஒலிபரப்பிப் பிழைக்கும் எனக்கு அந்த மலர்ச்சியின் காரணம் நன்றாகவே தெரியும். வீட்டில், கடையில், சந்தையில் கேட்டு வாங்கப் பயன்படும்வரை ஒரு மொழிக்குப் பசி எடுத்துக்கொண்டே இருக்கும்.