வளரும் சுவர், வேர்க்கும் கூரை: தோட்டத்து மரக்குடிலுக்குள் இத்தனை அதிசயமா!

நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா உட்கார்ந்து எழுதிய அறை சுழலும், தெரியுமா? இங்கிலாந்தின் அயட் செயின்ட் லாரன்ஸ் கிராமத்தில், அவர் வீட்டுத் தோட்டத்துக் கோடியில் இருக்கும் சின்ன மரக்குடில் அது. வெயில் நகர நகர, குடிலையும் திருப்பிக்கொள்வார். உள்ளே மின்சார ஹீட்டர் உண்டு, தொலைபேசியும் உண்டு! குடிலுக்கு அவர் வைத்த பெயர் ‘லண்டன்’. வேண்டாத விருந்தாளி வந்தால் ‘ஐயா லண்டனில் இருக்கிறார்’ என்று வீட்டார் கூசாமல் சொல்லலாம்.

இன்றைக்கு பிரிட்டனில் எத்தனையோ பேர் தோட்டத்தில் மரக்குடில் போட்டு அதையே ஆபீஸாக்கிக்கொள்கிறார்கள். பலகைகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். ஒன்றின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் உட்கார, அடுக்கினால் சுவர் ரெடி. அப்புறம் தரை, சூடு, கரண்ட். சுவர் உட்பட இவை எல்லாவற்றிலும் ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது!

முதல் ஆச்சரியம்: அந்தச் சுவர் வளரும்! மரம் ஈரத்தைக் குடித்தால் குறுக்குவாட்டில் உப்பும்; நீளவாட்டில் அநேகமாக அசையாது. பலகைகளைப் படுக்கவைத்து அடுக்கியிருப்பதால், ஒவ்வொன்றும் உப்புகிற அளவு மேலே மேலே சேர்ந்துகொண்டே போகும். 2 மீட்டர் சுவர், மழைக்கும் கோடைக்கும் இடையில் 2, 3 செ.மீ. ஏறி இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். அதற்காகவே கதவு நிலைக்கு மேலே இடைவெளி விட்டு, ஒரு பலகையால் மறைத்துவிடுவார்கள். ஐயோ, சந்து தெரிகிறதே என்று யாராவது அதைக் கெட்டியாக அடைத்துவிட்டால் போச்சு! சுவர் இறங்க வழியில்லாமல் கதவின் மேல் உட்கார்ந்துவிடும்.

இப்போது கரண்டுக்கு வாருங்கள். சுவிட்சுக்குப் போகும் பைப்பை மேலேயும் கீழேயும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? கீழ்ப் பலகைகள் சுருங்கி இறங்கும். மேல் பலகை பைப்பில் தொங்கி நிற்கும். நடுவில் வெளிச்சம் தெரியும்! இறுக்கிய ஸ்க்ரூ செய்கிற வேலை இது. அதனால் விவரமான எலக்ட்ரீஷியன், கிளாம்பில் வட்டத் துளைக்குப் பதில் நீளத் துளை போட்டு, ஸ்க்ரூவை முக்கால் இறுக்கத்தோடு விட்டுவிடுவார். பைப் நிற்கும், சுவர் வழுக்கிக்கொண்டு போகும். என்ன அருமையான யோசனை!

தெர்மோகோலும் பி.வி.சி. வயரும் ஒன்றுக்கொன்று ஆகாது, இது தெரியுமா? குளிருக்குத் தரையடியில் தெர்மோகோல் வைத்து, அதன்மேல் வயரைப் படுக்கவைத்தால், வயருக்கு நெகிழ்வு தரும் ரசாயனம் மெல்ல மெல்லத் தெர்மோகோலுக்குள் இறங்கிவிடும். தெர்மோகோல் கரையும், வயரின் உறை விறைத்து வெடிக்கும். நடுவே ஒரு பைப் போட்டால் தீர்ந்தது.

வீட்டிலிருந்து வரும் கேபிளுக்கு இரும்புக் கம்பிக் கவசம் உண்டு. அநேகமாக 45 முதல் 60 செ.மீ. ஆழத்தில் புதைப்பார்கள். போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமா என்று ஒரு சின்னக் கருவி ஓயாமல் கணக்குப் பார்க்கும். 30 மில்லியாம்பியர் குறைந்தால் 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த வேலை 2005 முதல் கட்டட விதிகளுக்குள் வந்துவிட்டது. நல்லதுதான்; ஈரமண்ணும் மின்சாரமும் சேருமிடத்தில் கைவைத்தியம் வேண்டாம்.

தரைக்கு வருவோம். சுவர்ப் பலகை 44 மி.மீ. பருமன் என்று பெருமைப்படுவார்கள். பி.ஐ.ஆர். என்ற நுரைப்பலகை வெறும் 50 மி.மீ. இருந்தால், ஏறக்குறைய 30 செ.மீ. மரம் தடுக்கிற குளிரைத் தடுக்கும்! தரைச் சட்டங்களுக்கு நடுவே அதைச் செருகி, மேலே லேமினேட் விரிப்பார்கள். லேமினேட்டும் விரியும், சுற்றிலும் 10 மி.மீ. விடவேண்டும்.

அடுத்தது சூடு. ஹீட்டர் எந்தக் கம்பெனியாக இருந்தாலும், எண்ணெய் ஊற்றியதோ விசிறி வைத்ததோ, 1 யூனிட் கரண்டுக்கு 1 யூனிட் சூடுதான். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்! சிலிண்டர் வைத்த கேஸ் ஹீட்டரோ இன்னும் விசேஷம்: 1 கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைக் குடிலுக்குள் எரித்தால் 20 லிட்டருக்கும் மேல்! அத்தனையும் குளிர்ந்த கூரையில் வேர்த்துச் சொட்டும், பலகை குடித்து உப்பும். காற்றுப்போக்கு இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு.

ஏசியைத் திருப்பி ஓட்டினால்? வெளிக்காற்றிலிருக்கும் சூட்டை உள்ளே இழுத்து, 1 யூனிட்டுக்குச் சுமார் 3 யூனிட் சூடு தரும், ஒரு சொட்டு ஈரம் சேர்க்காமல்! கெல்வின் பிரபு என்று பின்னாளில் அறியப்பட்ட வில்லியம் தாம்சன் 1852லேயே இப்படிச் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். மாட்டும்போது ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: வெளிப்பெட்டி சுவரில் தொங்காமல் தரையில் நிற்கட்டும், குழாய் நுழையும் துளை மேலும் கீழும் சற்று நீண்டிருக்கட்டும். கோடையில் சுவர் இறங்கும்போது குழாய் நசுங்காது.