கொளுவி சிறிது, பொறுப்புப் பெரிது

வண்டி என்றதும் சில்லும் எஞ்சினும் நம் நினைவுக்கு வருகின்றன. முன்னே செல்வதையும் பின்னே வருவதையும் இணைத்துப் பிடிக்கும் சிறிய இரும்பை எவரும் நினைப்பதில்லை. மாட்டு வண்டிக் காலத்திலே இப்பணியை நுகமும் பூட்டாங்கயிறும் செய்துவந்தன. கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாராமல் வண்டியில் ஏறிய வண்டிக்காரர் அரிது. இன்று வன்னியிலே உழவு இயந்திரத்தின் பின்னால் பெட்டியைக் கொளுவும் இரும்பாணி அந்த இடத்தைப் பிடித்துள்ளது. கடல் கடந்து வாழும் நம் உறவினர் பலர் தம் பிள்ளைகளின் சைக்கிள்களை ஏற்றிச் செல்வதற்காகக் காரின் பின்னே இழுவைக் கொளுவி ஒன்றைப் பொருத்துகின்றனர். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் நாம் அறிந்துகொள்ள வேண்டியது சில உண்டு.

வன்னி மக்கள் துவிச்சக்கர வண்டியை வெறும் பொழுதுபோக்குப் பொருளாக ஒருபோதும் கருதியதில்லை. 1990களிலே பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைத்தற்கரியதாயிற்று. அப்போது விறகும் நெல்மூட்டையும் மட்டுமன்றி, நோயாளரும் அதன் மீதே கொண்டுசெல்லப்பட்டனர். 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் மக்கள் பரந்தன் – முல்லைத்தீவு வீதி வழியே இடம்பெயர்ந்தனர். பாயும் பானையும் கூரைத் தகடும் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டிகளிலே சைக்கிள்களும் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. எதை விட்டாலும் சைக்கிளை விடக்கூடாது என்பது பட்டறிவு தந்த பாடம். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நாடு முழுவதுமே அந்தப் பாடத்தைப் படித்தது எனலாம்.

பெட்டி கொளுவிய உழவு இயந்திரமும் நம் குடும்ப வாழ்விலே கலந்த ஒன்றே. வயலிலிருந்து நெல் வருவதும் அதிலேதான். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கும் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்கும் அயல் கிராமத்தார் குடும்பத்தோடு செல்வதும் அதிலேதான். தாய்மாரும் குழந்தைகளும் நிறைந்த அப்பெட்டியைத் தாங்கி நிற்பது எது? ஒரே ஓர் ஆணி!

இயந்திரத்தின் பின்னுள்ள துளையிலும் பெட்டியின் முன்னுள்ள வளையத்திலும் அந்த ஆணி செருகப்படுகிறது. அது மேலெழும்பாதபடி அதன் அடியிலுள்ள சிறு துளையிலே பூட்டுக்கம்பி இடப்படல் வேண்டும். கிரவல் வீதியின் ஒவ்வொரு குலுக்கலும் ஆணியை மேலே தள்ளுகிறது. பூட்டுக்கம்பி தொலைந்தபின் கட்டுக்கம்பித் துண்டொன்றைச் சுற்றிவிட்டுப் புறப்படுவதும், ஆணி தேய்ந்தபின் கைக்கெட்டிய இரும்புத் துண்டைச் செருகுவதும் ஆபத்தை அழைப்பதாகும். ஆணி கழன்றால், பிரேக் இல்லாத பெட்டி அதில் இருப்போருடன் தன் போக்கிலே ஓடும். ஆணிக்குத் துணையாக இரு வண்டிகளையும் ஒரு சங்கிலியால் பிணைத்தல் பெரிய செலவன்று. ஆணி கைவிடும் நேரத்தில் சங்கிலி பிடித்துக்கொள்ளும்.

இரு சில்லு உழவு இயந்திரத்தின் தன்மை வேறு. ‘லான்ட்மாஸ்டர்’ என்பது 1950களில் இங்கிலாந்திலே உற்பத்தியான ஓர் இயந்திரத்தின் பெயர். அதன் உருவாக்கத்திலே பங்குகொண்டவர் இலங்கைப் பொறியியலாளரான ரே விஜேவர்தன (1924–2010). இன்று யப்பானிலோ சீனாவிலோ செய்யப்பட்ட இயந்திரங்களையும் நம் கிராமத்தார் அப்பெயராலேயே அழைக்கின்றனர். சமதரையிலே வலப்பிடியை அழுத்தினால் வலச்சில்லு விசை இழக்க, வண்டி வலப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து பாரத்துடன் இறங்கும்போதோ நிலைமை தலைகீழாகும். பெட்டி பின்னிருந்து தள்ளுகிறது; எஞ்சின் இடச்சில்லைப் பிடித்து நிறுத்த, விடுபட்ட வலச்சில்லு முந்தி ஓடுகிறது; வண்டி இடப்பக்கம் திரும்பிவிடுகிறது! இதனை அறியாத இளைஞரிடம் பாரமேற்றிய பெட்டியை ஒப்படைத்தல் தகாது.

இனிக் காரின் கொளுவிக்கு வருவோம். ஐரோப்பிய நாடுகளிலே அதன் முனை 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டையாக இருக்கும். அதன் மீது தாங்கியைப் பூட்டிச் சைக்கிள்களை நிறுத்துகின்றனர். இங்கே பலர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. ஆயிரம் கிலோ பாரமுள்ள பெட்டியை இழுக்கவல்ல கார், நூறு கிலோவைத் தன் கொளுவியின் மேல் சுமக்க இயலாததாக இருக்கலாம். எவ்வளவு சுமக்கலாம் என்பது காரின் கைநூலிலே குறிக்கப்பட்டிருக்கும். 75 கிலோ என்பது பல கார்களுக்குரிய அளவு. தாங்கி 18 கிலோ, இரும்புச் சைக்கிள் ஒன்று 20 கிலோ எனக் கொள்வோம். மூன்று சைக்கிள்களை ஏற்றினாலே 78 கிலோ ஆகிவிடும், எல்லை கடந்துவிட்டது.

அந்தப் பாரம் பின்னச்சுக்கும் அப்பால் தொங்குவதையும் கருதவேண்டும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2.5 மீற்றர் உள்ள காரிலே, பின்னச்சிலிருந்து 1.2 மீற்றர் தள்ளி 75 கிலோவை வைத்தால், பின்சில்லுகளின் மேல் 111 கிலோ ஏறும். முன்சில்லுகளிலிருந்து 36 கிலோ குறையும். ஏற்றப்பலகையின் ஒரு முனையை அழுத்த மறுமுனை எழுவது போன்றதே இது. முன்சில்லுகளின் பிடி குறைந்தால் காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் கடினமாகும்.

நம் நாட்டிலே இத்தகைய கொளுவியைப் பொருத்த விரும்புவோர், காரின் பின்பம்பரிலோ மெல்லிய தகட்டிலோ அதனை வெல்டிங் செய்துவிட்டு அமைதி கொள்ளலாகாது. உற்பத்தியாளர் குறித்துள்ள இடங்களிலே, காரின் சட்டகத்தோடு, உரிய அளவு போல்ட்டுகளால் அதனைப் பிணைக்கவேண்டும். சிறிது தூரம் ஓடியபின் போல்ட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்ப்பது நன்று. சைக்கிள்கள் பின்விளக்குகளையும் இலக்கத் தகட்டையும் மறைக்குமாயின், அவற்றைத் தாங்கியிலும் அமைத்தல் வேண்டும். புதிய கார்களின் மின்கம்பிகளை வெட்டி ஒட்டினால் வேறு கருவிகளும் பழுதடையக்கூடும்; அந்தக் காருக்கென்றே செய்யப்பட்ட கம்பித் தொகுதியே பாதுகாப்பானது.

விளக்கைப் பற்றிய இவ்விதி நம் பெட்டிகளுக்கும் பொருந்தும். மாலைக் கருக்கலிலே கண்டி வீதியில் நெல்மூட்டைகளுடன் மெல்ல ஊர்ந்து செல்லும் பெட்டியைப் பின்னால் வருவோர் எவ்வாறு காண்பர்? மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பேருந்து ஒரு செக்கனில் 19 மீற்றருக்கு மேல் கடந்துவிடுகிறது. ஒளியை எதிரொளிக்கும் சிவப்புத் தகடுகள் இரண்டு பெட்டியின் பின்னே இருந்தால், சாரதிக்கு அந்தச் சில செக்கன்கள் கிடைக்கும். உயிர் தப்புவது அவற்றிலேதான்.

காரின் கொளுவியைச் சோதிக்க மேலைநாடுகளில் விதிகளும் பரிசோதகர்களும் உண்டு. நம் பெட்டியைச் சோதிக்க நம் கண்களே உண்டு. ஆதலால் அடுத்த பொங்கலுக்குப் புறப்படும்போது, பிள்ளைகளை ஏற்றுமுன், தாய்மார் சாரதியிடம் மூன்றே கேள்விகள் கேட்கட்டும். ஆணிக்குப் பூட்டுக்கம்பி இட்டாயிற்றா? சங்கிலி பிணைத்தாயிற்றா? பின்னே சிவப்புத் தகடு உண்டா? அவர் நம் அண்ணனாயினும் மாமனாயினும், இவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவன்று. அவரும் வீடு திரும்ப வேண்டியவர்தாமே.