ரேம் வாங்கப் போகிறீர்களா? பெயர் பெற்றதா, பெயரில்லாததா?



மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டு போனால், "ரேம் கூட்டிக்கிட்டா சரியாயிடும்" என்பார்கள். பல நேரம் அது உண்மைதான். 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 10 ஓடும். ஆனால் குரோமில் பத்துப் பக்கம், ஒரு பவர்பாயிண்ட், கூடவே கூகுள் மீட் என்று திறந்தால் கணினிக்கு மூச்சு வாங்கும். சரி, 8 ஜிபி போடலாம் என்று தலையாட்டியதும் அடுத்த கேள்வி வரும்: "பிராண்ட் வேணுமா, சாதாரணம் போதுமா?"

பதில் சொல்லுமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ரேம் பலகையில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே. 1987-இல் அமெரிக்காவில் தொடங்கிய கிங்ஸ்டன்கூட இந்தச் சில்லுகளைத் தானே செய்வதில்லை. பிறரிடம் வாங்கி, பலகையில் பொருத்தி, சோதித்து விற்கிறது. அப்படியானால் பெயரில்லாத ரேமிலும் அதே சில்லு இருக்கலாமே என்று கேட்பீர்கள். இருக்கலாம். இல்லாமலும் போகலாம். ஒரே தொழிற்சாலையில் பிறந்த சில்லுகள் எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை. சோதனையில் நன்றாகத் தேறியவை ஒரு பக்கம் போகும். அரைகுறையாகத் தேறியவை மலிவு விலைக்குப் போகும். பழைய பலகையிலிருந்து கழற்றிய சில்லுகளும் புதுப் பலகையில் ஏறிக்கொள்வதுண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நானும் ஒருமுறை 35 ரிங்கிட் மிச்சம் பிடித்தேன். பெயரில்லாத 8 ஜிபி ரேம். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மூன்றாவது வாரம் நீலத்திரை. பிறகு, சோதனைத் தேர்வுக் கேள்வித்தாள்களைச் சேர்த்துக் கட்டிய ஜிப் கோப்பு திறக்கவில்லை. பென்டிரைவைச் சந்தேகப்பட்டேன், வைரஸைச் சந்தேகப்பட்டேன், விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் போச்சு. கடைசியில் மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையை இரவு முழுக்க ஓடவிட்டபோதுதான் திரையில் சிவப்பு வரிகள் வரிசையாக வந்தன. கடைக்காரர் கொடுத்த உத்தரவாதமோ ஒரே வாரம்!

நீலத்திரை வந்தால்கூட பரவாயில்லை, கோளாறு இருக்கிறதென்று தெரிந்துவிடும். சத்தமில்லாமல் நடப்பதுதான் பயம். கணினி அறிவியல் எடுக்கும் மாணவர்கள் இதைத் தாளில் எழுதிப் பாருங்கள். ஆஸ்கி குறியீட்டில் 7 என்ற எழுத்துரு 00110111. அதில் வலப்பக்கமிருந்து மூன்றாவது பிட் மட்டும் 1 என்பது 0 ஆகிவிட்டால் 00110011. அது 3. ஓர் உரைக் கோப்பில் நீங்கள் தட்டிய 78 மதிப்பெண், 38 ஆகச் சேமிக்கப்பட வழியுண்டு. கணினி ஒன்றும் சொல்லாது. சர்வர்களில் ஒரு பிட் தவறைத் தானே திருத்தும் ஈசிசி ரேம் போடுகிறார்கள். நம்முடைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் அது கிடையாது.

ஆகவே மதிப்பெண், அறிக்கை, கேள்வித்தாள், பாடத்திட்டப்பணி எல்லாம் இருக்கும் கணினிக்குப் பெயர் பெற்ற ரேமே வாங்குங்கள் என்பேன். நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு வேகத்துக்கு அல்ல. வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். சோதனைக்கும் உத்தரவாதத்துக்கும்தான் அந்தக் காசு. பெயருள்ள ரேம்களில் பலவற்றுக்கு ஆயுள் உத்தரவாதம் உண்டு. வகுப்பில் புதிர் விளையாட்டு, காணொளி மட்டும் ஓடும் பழைய கணினிக்குச் சாதாரணம் போதும், கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். மின்னும் அட்டை, வண்ண விளக்கு வைத்த ரேமெல்லாம் விளையாட்டுப் பிரியர்களுக்கு. நமக்கு எதுக்கு?

பெயரைவிட முதலில் பார்க்க வேண்டியது வகை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று நுழையாது, அழுத்திப் பார்க்காதீர்கள். டிடிஆர்3-இலேயே 1.5 வோல்ட் ஒன்று, 1.35 வோல்ட் ஒன்று இருக்கிறது. பல மடிக்கணினிகள் இரண்டாவதை மட்டுமே ஏற்கும். எத்தனை துளை காலியாக இருக்கிறது என்று டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் தெரியும். சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதில் கூட்டவே முடியாது. பழைய ரேமோடு வேகமான புது ரேமைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும்.

இன்னொன்று, பெயருள்ள ரேமிலும் போலி உண்டு. இணையக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்தால் கொஞ்சம் யோசியுங்கள். எங்கே வாங்கினாலும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பொருத்திய அன்றிரவே சோதனையை ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் சிவப்பு வரி ஒன்றே ஒன்று இருந்தாலும் சரி, "ஒண்ணுதானே" என்று விடாமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக் கேளுங்கள்.