பட்டத்துக்கு முன்னால் ஒரு தராசு

2006 நவம்பரில் தில்லி தால்கட்டோரா அரங்கில் பெண்களுக்கான உலகக் குத்துச்சண்டைப் போட்டி நடந்தது. இந்தியாவுக்கு நான்கு தங்கம் கிடைத்தது. மணிப்பூரின் மேரி கோம் 46 கிலோ பிரிவிலும், அதே மாநிலத்துச் சரிதா தேவி 52 கிலோவிலும், மிசோரத்தின் ஜென்னி 63 கிலோவிலும், கேரளத்துக் கண்ணூரைச் சேர்ந்த கே.சி. லேகா 75 கிலோவிலும் உலகப் பட்டம் வென்றார்கள். போட்டியும் ஒன்று, தங்கமும் ஒன்று. ஆனால் மேரி கோமின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். லேகாவின் பெயர் அவர் பிறந்த மாநிலத்திலேயே, நம் பாலக்காட்டு எலப்புள்ளி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில்கூட, பலருக்குத் தெரியாது. மேரி கோம் அதற்கு முன்பே 2002, 2005 என இரண்டு முறை உலகப் பட்டம் பெற்றவர், அவருடைய திறமை தனி என்று இதற்குக் காரணம் சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. ஒரு குத்துச்சண்டை வீரரின் புகழை அவருடைய கைகள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவர் நிற்கும் எடைப் பிரிவும், அந்தப் பிரிவுக்கு வாசல் திறக்கும் காலமும், அப்போது அவர் எடுக்கும் முடிவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

பாலக்காட்டுக்காரர்களுக்குத் தடகளம் பழக்கமான விளையாட்டு. பறளி, முண்டூர் பள்ளிகளின் பெயர் மாநிலம் முழுக்கத் தெரியும். நீளம் தாண்டுகிற பிள்ளை ஒல்லியா பருமனா என்று அளவுநாடா கேட்பதில்லை; எட்டு மீட்டர் யாருக்கும் எட்டு மீட்டர்தான். குத்துச்சண்டை அப்படியல்ல. கனமான உடம்பின் அடி கனமாகவே விழும் என்பதால், ஆளைக் காக்கவே எடைப் பிரிவுகள் வந்தன. அந்த ஏற்பாடு நியாயமானது, தேவையானது. ஆனால் எந்தெந்தப் பிரிவு இருக்கலாம், எது வேண்டாம் என்பதை முடிவு செய்கிறவர்கள் நிர்வாகிகள். அந்த முடிவில் வீரருக்குப் பங்கில்லை.

2009 ஆகஸ்டில் பெண்கள் குத்துச்சண்டையை ஒலிம்பிக்கில் சேர்க்க முடிவானது. 2012 லண்டனில் அவர்களுக்குக் கிடைத்தவை மூன்றே பிரிவுகள்: 51, 60, 75 கிலோ. ஆண்களுக்கோ பத்து. தில்லியில் வென்ற நால்வரையும் இந்த மூன்று எண்களுக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். ஜென்னியின் 63 கிலோவுக்கு இடமே இல்லை. அவர் மூன்று கிலோ குறைய வேண்டும், அல்லது பன்னிரண்டு கிலோ ஏற வேண்டும். சரிதா 60 கிலோவுக்கு ஏறினார். அதிலும் 2012-இல் ஆசியப் பட்டம் வென்றார், ஆனால் ஒலிம்பிக் மேடை அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. இன்று அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு நினைவு வருவது, 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் சர்ச்சைக்குரிய தீர்ப்பை எதிர்த்து அவர் வெண்கலத்தை ஏற்க மறுத்ததுதான். லேகாவின் 75 கிலோவுக்கு இடம் இருந்தது. ஆனால் வாசல் திறந்தபோது அவர் பட்டம் வென்று ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. தியான்சந்த் விருது அவரைத் தேடி வந்தது 2021-இல், தங்கம் வென்று பதினைந்து ஆண்டுகள் கழித்து.

மேரி கோமுக்கும் வழி நேராக இருக்கவில்லை. 2010-இல் 48 கிலோவில் ஐந்தாம் உலகப் பட்டம் வென்றவர், ஒலிம்பிக்குக்காக 51-க்கு ஏறினார். மூன்று கிலோ கேட்கச் சிறியதுதான். ஆனால் அந்தப் பிரிவில் எதிரே வருகிறவர்கள் இயல்பாகவே உயரம் கூடியவர்கள், கை நீளம் கூடியவர்கள். லண்டன் அரையிறுதியில் பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸ் அவரை 11-6 என்று வென்றார். மேரி கோமுக்கு வெண்கலம். பிறகு 48-க்குத் திரும்பி 2018-இல் ஆறாம் உலகப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு போட்டிக்காகப் போலந்துக்கு விடியற்காலை போய்ச் சேர்ந்தபோது அவர் எடை இரண்டு கிலோ கூடுதல்; எடை பார்க்க நான்கு மணி நேரம்தான் இருந்தது. ஒரு மணி நேரம் விடாமல் கயிறு தாண்டி எடையை இறக்கியதாக அவரே பின்னர் சொன்னார். அந்தப் போட்டியிலும் தங்கம் வென்றார். மேடையில் நாம் பார்க்கிற சண்டைக்கு முன்பே தராசோடு ஒரு சண்டை முடிந்திருக்கிறது. பிரிவு மாறுவது விண்ணப்பத்தில் எண்ணைத் திருத்துகிற வேலை இல்லை, உடம்பையே மாற்றுகிற வேலை.

இதற்கு மறுப்பு உண்டு. பிலிப்பைன்ஸின் மேனி பக்கியாவ் எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றாரே, உண்மையான வீரனுக்கு எடை ஒரு தடையா என்று கேட்கலாம். பக்கியாவ் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரர். அங்கே பதினேழு பிரிவுகள். கீழ்ப்பிரிவுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு கிலோதான் இடைவெளி. எப்போது ஏறுவது, யாரோடு மோதுவது என்பதில் வீரரின் தரப்புக்கும் பேச்சு உண்டு. ஒலிம்பிக் வழியில் வருகிறவருக்கு நான்கு ஆண்டுக்கு ஒரு வாய்ப்பு. லண்டனில் பெண்களுக்கு 51-க்கு அடுத்த படி 60-ஆக இருந்தது. பக்கியாவின் பெருமை குறைவில்லாதது. ஆனால் அந்த ஏணி எல்லோருக்கும் போடப்பட்ட ஏணி அல்ல.

பெண்களுக்கு நேர்ந்த விபத்து மட்டும்தான் இது என்றும் தள்ளிவிட முடியாது. 2018 ஆசியப் போட்டியில் 49 கிலோவில் தங்கம் வென்ற அமித் பங்கலுக்கு, டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவே இல்லாமல் போனது. 52-க்கு ஏறி 2019 உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். டோக்கியோவில் முதல் சண்டையிலேயே தோற்றார். லவ்லினா டோக்கியோவில் வெண்கலம் வென்ற 69 கிலோ, பாரிஸில் நீக்கப்பட்டது. அவர் 75-க்கு ஏறி 2023-இல் உலகப் பட்டமே வென்றார். ஆனால் பாரிஸில் காலிறுதியோடு நின்றார். விஜேந்தர் சிங்கின் கதை வேறு விதம். 2008 பெய்ஜிங்கில் 75 கிலோவில் வெண்கலம் வென்றவர், 2015-இல் தொழில்முறைக்குப் போனார். அங்கே தொடர்ந்து பன்னிரண்டு வெற்றிகள் கண்டார், ஆசிய அளவில் பட்டங்களும் பெற்றார். ஆனாலும் நாடு அவரை நினைப்பது அந்த ஒரு வெண்கலத்தால்தான். வருமானத்துக்கு நல்ல முடிவு எப்போதும் புகழுக்கும் நல்ல முடிவாக அமைவதில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையும் இல்லை.

அப்படியானால் தோல்விக்கெல்லாம் தராசைச் சாக்குச் சொல்லலாமா? கூடாது. தடை எல்லோருக்கும் இருந்தது. 2007-இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, 2008-இல் மீண்டும் உலகப் பட்டம் வென்ற மேரி கோமின் உழைப்பை எந்த விதியும் அவருக்குக் கொடுத்துவிடவில்லை. நான் கேட்பது நியாயமான மதிப்பீட்டை. ஒலிம்பிக் பதக்கம் ஒன்றையே அளவுகோலாக வைத்தால், வாசல் திறக்கும் முன் வென்றவர்களும், வாசலே இல்லாத பிரிவில் வென்றவர்களும் கணக்கில் வராமலே போய்விடுவார்கள். 2028 லாஸ் ஏஞ்சலிஸில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஏழேழு பிரிவுகள் என்று அறிவித்திருக்கிறார்கள். மூன்றிலிருந்து ஏழு என்பது பெரிய மாற்றம். அதை வரவேற்க வேண்டும். கூடவே, இருக்கிற காலிப் பிரிவுக்குள் வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டுத் திணிக்காமல், உடம்பு இயல்பாக எங்கே நிற்கும் என்று பார்த்துப் பிரிவைத் தேர்வு செய்யப் பயிற்சியாளர்களும் பெற்றோரும் பழக வேண்டும். மாநில விளையாட்டு அமைப்புகள் வேலைக்கும் ஊக்கத்தொகைக்கும் பட்டியல் போடும்போது, உலகப் பட்டத்தை ஒலிம்பிக் பதக்கத்துக்கு வெகு கீழே வைக்காமல் இருக்க வேண்டும். லேகா வென்றதும் உலகப் பட்டம்தான்.